பிரசவ வார்டுக்கு எத்தனை பெட்டி

அருமநாயகத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "அந்த ஆளப் பத்தி எழுத என்ன உண்டு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அருமநாயகம் மந்திரியில்லை, பாதிரியாரில்லை, மேடையில் பாடுகிறவரும் இல்லை. கம்பியில்லாத போனுக்குச் சுவரில் பெட்டி மாட்டுகிறவர். ஒரு கட்டிடத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும், ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். நான் ரெபேக்காள். ஆயுசில் பாதியை நர்ஸ் உடுப்பில் கழித்தவள். எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு காலத்தில் அவர் கழுத்தை நெரித்தால் என்ன என்று நினைத்ததும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. டாக்டர் சத்யபாமாவுக்குச் சொந்தமானது. அவர்தான் பிரசவ டாக்டரும். அவருடைய அப்பா காலத்து வெட்டுக்கல் கட்டிடத்தில் பிரசவ வார்டு. அதன் பின்னால் ஒரு கான்கிரீட் கட்டிடம், முன்னால் புதிதாக எழுப்பிய இரண்டு மாடி. மூன்றையும் வராந்தாக்கள் இணைத்தன. டாக்டர் எந்த நேரம் எந்தக் கட்டிடத்தில் இருப்பார் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். மேசைக்கு மேசை பழைய போன் இருந்தும் பிரயோஜனமில்லை, பாதி வயர் எலி கடித்துப்போய்க் கிடந்தது. பிரசவ வார்டில் அவசரம் என்றால் அட்டெண்டர் சரசம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாள். அவளுக்கு முழங்காலில் வாதம். ஓடும்போது டாக்டரையும் என்னையும் சேர்த்து வைதுகொண்டே போவாள்.

அந்த வருஷம் டாக்டர் கம்பியில்லாத போன் வாங்கத் தீர்மானித்தார். செல்போன் அல்ல, ஆஸ்பத்திரிக்குள் மட்டும் பேசுவது. டாக்டர் கோட்டுப் பையில் ஒன்று, வார்டுக்கு ஒன்று. சுவர்களில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியின் அலை கொஞ்ச தூரம்தான் போகும். டாக்டர் நடக்க நடக்க ஒரு பெட்டி விட்டதை அடுத்த பெட்டி பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெட்டியும் எட்டாத மூலை ஒன்று இருந்தால் அங்கே பேச்சு அறுந்துபோகும். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று இதைப் பார்த்துச் செய்ய அருமநாயகத்தை அனுப்பியது.

ஆள் நம்ம பக்கத்துக்காரர்தான், எல்லைக்கு அருகில் ஒரு கிராமம். ஒல்லி, காதில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். கம்பெனிக்காரன் பத்துப் பெட்டி விற்றால் சந்தோஷப்படுவான். இவரோ ஏழில் முடிக்க வழி பார்ப்பார்.

"மூணு எடத்துக்கு ரெண்டு போதும்னு தெரிஞ்ச பெறகு மூணாவது ஒண்ணு வைக்கியது கள்ளம் ஆக்கும் சிஸ்டரே" என்றார் என்னிடம்.

இப்படி ஒரு ஆளைக் கண்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? எனக்கும் வந்தது.

அளப்பதற்கு நாள் பார்த்தபோது கேரளம் முழுக்கக் கடையடைப்பு, ஹர்த்தால் அறிவித்தார்கள். ஹர்த்தால் என்றால் களியிக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் புரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கும், இந்தப் பக்கம் நாய் நடுரோட்டில் படுத்திருக்கும். பஸ் இல்லை, கடை இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது ஒதுக்கிப் போட்ட வேலைகளின் திருநாள். கிணறு இறைப்பதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் கோழிக்கூடு கட்டுவதும் அன்றைக்குத்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலும் கட்டில் மாற்றுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது எல்லாவற்றையும் ஹர்த்தாலுக்கு என்றே வைத்திருப்போம். நோயாளி வரமாட்டான், பார்க்க வருகிறவனும் வரமாட்டான். "சாரே, அன்னைக்கு வாருங்க, ஒரு இடைஞ்சலும் இருக்காது" என்று நான்தான் சொன்னேன். அவருக்கும் அதே நினைப்புத்தான். சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார்.

அவர் அளக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். ஒரு பெட்டியைக் கம்பில் கட்டி நிறுத்துவார். ஒரு போன் என் கையில், இன்னொன்று அவர் காதில். நான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேச வேண்டும். அவர் கட்டிடம் முழுக்க நடந்து, பேச்சு தெளிவாகக் கேட்கும் இடத்தில் சுவரில் வட்டம் போடுவார், அறுகிற இடத்தில் பெருக்கல் போடுவார். ஓயாமல் பேச என்னிடம் என்ன இருக்கிறது? என் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தேன். மரச்சீனிக் கிழங்கு அவித்ததில் தொடங்கிய எங்கள் சண்டை மூன்று கட்டிடத்தையும் சுற்றி முடித்த பிறகும் மிச்சமிருந்தது. நடுவில் அவர் தலையை நீட்டி, "சிஸ்டரே, மாமியார் சட்டியை ஒடச்சது வரைக்கும் கேட்டுது. எக்ஸ்ரே அறைகிட்ட அறுந்து போச்சு. இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கடைசியில் பிரசவ வார்டு. வெட்டுக்கல் சுவர் ஒரு முழம் தடிமன், அதற்குள் அலை நுழையாது. ஆனால் வராந்தாப் பக்கம் ஒரு கதவும் ஒரு பெரிய ஜன்னலும் உண்டு. வராந்தாவில் எதிர்த் தூணில் பெட்டி வைத்தால் அந்தக் கதவு ஜன்னல் வழியே அலை தாராளமாக உள்ளே போனது. பிரசவ மேசைக்குப் பக்கத்தில் நின்று என் மாமியாரை ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"இதுக்குன்னு உள்ள தனிப்பெட்டி வேண்டாம். வராந்தாப் பெட்டியே இதையும் பாத்துக்கிடும்" என்றார்.

"அப்போ மொத்தம் ஏழு போதும், இல்லியா?" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

ஏழு பெட்டியும் மாட்டினார்கள். எலி கடித்த பழைய போன்களைக் கழற்றினார்கள். சரசம்மாவைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு, அந்தப் பெட்டி நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

எங்கள் பக்கத்துப் பிரசவத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தலைப்பிரசவம் என்றால் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் ஜீப் பிடித்து வந்துவிடுவார்கள். வராதவரைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஆளுக்கொரு ஃபிளாஸ்க், ஆளுக்கொரு துணிமூட்டை. பெஞ்சு போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டார்கள். பிள்ளையின் முதல் அழுகையைத் தான்தான் முதலில் கேட்டேன் என்று சொல்வதில் இரண்டு வீட்டுக்கும் ஒரு போட்டி. கதவோடும் ஜன்னலோடும் காதை ஒட்டிக்கொண்டு, தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் விரட்டுவோம், அவர்கள் திரும்ப வருவார்கள்.

ஓணம் கழிந்த வாரம் கள்ளிக்காட்டிலிருந்து ஓமனா என்ற பெண் வந்தாள். தலைப்பிரசவம், இரண்டு ஜீப் ஆட்கள். உள்ளே டியூட்டியில் நந்தனா. அதியன்னூர்க்காரப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். குழந்தையின் நாடித்துடிப்பு விழுவதைப் பார்த்ததும் அவள் டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். புதிய மாடியில் டாக்டரின் போன் அடித்தது, "டாக்டரே" என்று ஒரு சொல் கேட்டது, அறுந்தது. அவசரமானால் திரும்பக் கூப்பிடுவாள் என்று டாக்டர் கையிலிருந்த நோயாளியைப் பார்த்தார். போன் பிறகு அடிக்கவில்லை. நந்தனா மேசையை விட்டு நகர முடியாது, ஓட சரசம்மா இல்லை. நான் வேறு வேலையாக உள்ளே போனபோதுதான் விஷயம் தெரிந்து பாய்ந்து போய் டாக்டரை அழைத்து வந்தேன். குழந்தை பிறந்தது, அழவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு ஓடினார்கள். பிழைத்தது, தெய்வ கிருபை. ஆனால் தேறுவதற்கு வெகுநாள் பிடித்தது.

டாக்டர் ஏன் வரவில்லை என்று ஓமனாவின் ஆட்கள் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்கள். டாக்டர் உள்ளே எங்களிடம், தன்னை யாரும் சரியாகக் கூப்பிடவில்லை என்றார். நந்தனா, "நான் விளிச்சேன் சிஸ்டரே. திரும்பத் திரும்ப விளிச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெட்டியைச் சோதிக்க அருமநாயகம் வந்தார். வராந்தாவில் வேறு ஒரு பிரசவத்துக்கு வந்த கூட்டம். அவர் என்னிடம், "ஆளுகள முற்றத்துக்கு இறக்கி நிறுத்துங்க சிஸ்டரே, இந்தப் பெகளத்துல எனக்கு ஒண்ணும் அளக்க ஒக்காது" என்றார். இறக்கினோம். அவர் உள்ளே போனார், பேசச் சொன்னார், பேசினேன். தண்ணீர் மாதிரித் தெளிவு. மறுபடி ஒரு நாள் வந்து பார்த்தார். அன்றைக்கும் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் பார்த்தார். அன்றைக்கும் தெளிவு.

"பெட்டியில குறை இல்ல டாக்டர்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நந்தனா பொய்க்காரியானாள். பதற்றத்தில் கூப்பிட மறந்துவிட்டு இப்போது மழுப்புகிறாள் என்று முடிவானது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் டாக்டரிடம் சொன்னேன். "மிஷினு பொய் சொல்லுமா சிஸ்டரே?" என்றார் அவர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. உடுப்பை மடித்து மேசையில் வைத்துவிட்டு அவள் போனாள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

வாசலில் அருமநாயகம் என்னிடம் மாட்டினார். "உம்ம பெட்டி யோக்கியன், எங்க பிள்ளை கள்ளியாக்கும், இல்லியா?" என்று பிடித்தேன்.

"நான் என்ன செய்ய சிஸ்டரே? அளந்தா நல்லா இருக்கு. இருக்கதைத்தானே சொல்ல ஒக்கும்?" என்றார். கழுத்தை நெரிக்கத் தோன்றியது அப்போதுதான்.

சரசம்மாவைத் திரும்பத் தாருங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். பெட்டி நன்றாக இருக்கும்போது ஓடுவதற்கு ஆள் எதற்கு என்றார். அதன்பின் சிக்கலான பிரசவம் எல்லாவற்றையும் நானே பார்த்தேன், டாக்டரைப் போனில் கூப்பிட வேண்டிய அவசரம் எதுவும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் ஜிஜி என்ற பெண்ணை நோவெடுத்துக் கொண்டுவந்தார்கள். அருமநாயகத்தின் மனைவி. தலைப்பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு, அவர்கள் காஞ்சிரங்குளம். அங்கே பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது இவர்தான் இங்கே கொண்டுவர வேண்டும் என்று நின்றாராம். தான் மாட்டிய பெட்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. மாமனார் நேசையன் தலைமையில் காஞ்சிரங்குளத்து ஜீப் ஒன்று, அருமநாயகத்தின் வீட்டு ஜீப் ஒன்று. வராந்தா நிறைந்தது. அருமநாயகமும் எல்லோரையும் போலக் கதவோரம் இடித்துக்கொண்டு நின்றார்.

நேரம் போகப் போக எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தையின் துடிப்பு விழத் தொடங்கியது. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன். அடித்தது, "டாக்டரே" என்றேன், அறுந்தது. மறுபடி, மறுபடி. ஒன்றும் போகவில்லை. நான் கத்துவது வெளியே அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். நந்தனாவின் முகம் அந்த நேரத்தில் என் முன்னால் வந்தது. கூட இருந்த பெண்ணிடம் ஜிஜியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, போனை மறுபடி அழுத்தியபடியே ஓடுவதற்காகக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

கூட்டம் எனக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்தது. அந்த நொடியில் என் கையிலிருந்த போனில், "சொல்லுங்க சிஸ்டரே, என்னவாக்கும்?" என்று டாக்டரின் குரல் வந்தது. பதில் சொல்லுமுன் விலகியவர்கள் விவரம் கேட்க என்னைச் சுற்றிக்கொண்டார்கள். குரல் போய்விட்டது.

அருமநாயகம் என் கையையும் எதிர்த் தூணில் இருந்த பெட்டியையும் நடுவில் நின்ற தன் சொந்தபந்தத்தையும் பார்த்தார்.

"இறங்குங்க! எல்லாரும் முற்றத்துக்கு இறங்குங்க! ஒரு ஆளு இஞ்ச நிக்கப்பிடாது!"

அந்த மனிதருக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது யாருக்கும் தெரியாது. பெண்களைத் தள்ளினார், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தவர்களைப் பிய்த்து இழுத்தார். மாமனாரின் கையைப் பிடித்து இழுத்தபோது நேசையன் உதறினார்.

"எலே, உள்ள கெடந்து துடிக்கது எம்மோளு. நான் இஞ்ச நிக்க நீயா சீட்டு தரணும்?"

"மாமா, உம்மள வெறுத்திட்டு இல்ல. நீங்க நின்னா அவளுக்கு டாக்டர் வரமாட்டாவ. இறங்கும்!"

சம்பந்தி வீட்டாரைக் கையைப் பிடித்து வெளியேற்றுவது எங்கள் ஊரில் லேசான காரியமில்லை. அதற்காகக் கோர்ட்டு வரை போன குடும்பங்கள் உண்டு. நேசையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்த வீட்டோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இறங்கினார். வராந்தா காலியானது. நான் உள்ளே திரும்பி வந்து பிரசவ மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே டாக்டரிடம் பேசினேன். ஒரு சொல் அறவில்லை. டாக்டர் ஓடி வந்தார். பெண் குழந்தை, பிறந்ததும் வீறிட்டு அழுதது. அதை முதலில் கேட்டது யாரென்று அன்றைக்குப் போட்டியே இல்லை, எல்லோரும் முற்றத்தில் மாமரத்தடியில் கோபமாக நின்றார்கள்.

குழந்தையைக் கொண்டுவந்து, வராந்தாப் படியில் நின்ற அருமநாயகத்திடம் காட்டினேன். ஒரு தரம் பார்த்தார், நெற்றியில் விரலால் தொட்டார். பிறகு முற்றத்துக்கு இறங்கி, சற்றுமுன் விரட்டியடித்த அத்தனை பேரையும் திரும்ப வந்து கதவில் நெருக்கி நிற்கச் சொன்னார். மருமகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நேசையனுக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் நின்றார்கள். உள்ளே இருந்து நான் பேசினேன், அறுந்தது. இறங்கச் சொன்னார், தெளிவாகக் கேட்டது. அலை நுழைய இருந்தது அந்தக் கதவும் ஜன்னலும்தான். அதை எங்கள் ஆட்கள் தங்கள் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது அலையைக் குடித்துவிடும் என்று அவர் பிறகு எனக்குச் சொல்லித் தந்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டது. நேராக டாக்டரின் அறைக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

"நந்தனா சிஸ்டர் விளிச்சிருக்காவ டாக்டர். அலை போகல்ல. குறை என் கணக்குல உண்டு."

"நீங்க தானே குறை இல்லைன்னு சொன்னிய? ரெண்டு தடவை பாத்தியளே?"

"ரெண்டு தடவையும் ஆளுகள இறக்கிட்டாக்கும் பாத்தேன். மொதல்ல அளந்தது ஹர்த்தாலுக்கு. ஆளில்லாத ஆஸ்பத்திரியை அளந்துட்டு, ஆளு நெறஞ்ச ஆஸ்பத்திரிக்குப் பெட்டி வச்சேன்."

டாக்டர் கோட்டுப் பையிலிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "அந்தப் பிள்ளையத் திரும்ப விளிக்கணும் சிஸ்டரே" என்றார்.

காசு வாங்காமல் தர வேண்டும் என்று கம்பெனியோடு சண்டை பிடித்து அருமநாயகம் பிரசவ அறைக்குள்ளேயே, தலைக்கு மேலே உயரத்தில் ஒரு பெட்டி வைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும், கூட்டம் அதிகமான நாள் எது என்றுதான் முதலில் விசாரிப்பார். கல்லூரி என்றால் அட்மிஷன் நாள், கல்யாண மண்டபம் என்றால் முகூர்த்த நாள். இடிபட்டு வியர்த்துக்கொண்டு அளப்பார். ஹர்த்தால் அன்றைக்கு வீட்டில் கிடந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். நேசையன் மட்டும் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வந்தும் மருமகனோடு பேசவில்லை.

ஜிஜிக்குக் குழந்தை பிறந்த அந்த வாரமே அருமநாயகம் என்னையும் கூட்டிக்கொண்டு அதியன்னூருக்குப் போனார். நந்தனா வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் ஓமனாவின் குழந்தை இவள் கையால் செத்துவிட்டது என்றே பேச்சு. மெலிந்திருந்தாள். அருமநாயகம் முற்றத்தில் நின்றபடி, அண்டை வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, ஜிஜியின் பிரசவத்தில் நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு தன்னுடையது என்றார். டாக்டர் திரும்ப அழைக்கிறார் என்று நான் சொன்னேன்.

அவள் ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்கு ரெபேக்காள் சிஸ்டர் விளிச்சது போகல்லைன்னு எப்படி நம்பினிய சாரே?"

"கதவுக்கு வெளிய நான் நின்னேன். சிஸ்டருக்க சத்தம் எனக்குக் கேட்டுது."

"நான் விளிச்சப்பளும் கதவுக்கு வெளிய ஆளு உண்டும். ரெண்டு ஜீப்பு ஆளு. பெட்டியைச் சோதிக்க எத்தனை தடவை வந்திய. அவியகிட்ட ஒருத்தரும் போய் விசாரிக்கல்ல."

திங்கட்கிழமை வாறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது அருமநாயகம் பாறசாலை பஸ்ஸில் ஏறவில்லை. கள்ளிக்காட்டு பஸ்ஸில் ஏறினார், நானும் ஏறினேன். ஓமனாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். ஓமனாவின் அம்மா பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், குழந்தை நன்றாகக் கையை ஆட்டியது. பிரசவத்தன்று உள்ளே இருந்த நர்ஸ் போனில் டாக்டரைக் கூப்பிட்டது ஞாபகம் உண்டா என்று அருமநாயகம் கேட்டார்.

"பின்ன இல்லாம? டாக்டரே, டாக்டரேன்னு தொண்டை கிழிய, அழுதுட்டே விளிச்சுது அந்தப் பிள்ளை. நாங்க எல்லாரும் கதவுலதானே நின்னோம். நல்ல பிள்ளை, இப்பம் எப்படி இருக்கா?"

"அந்தப் பிரசவத்தோட அவளுக்கு வேலை போச்சு" என்றார் அருமநாயகம்.

அந்த அம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேலை போச்சா? எதுக்கு?"